சந்தேகப்பட்டால் கோவிச்சுக்குவாரா?

வீட்டில் ஒரு பழைய கேமரா கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆசை ஆசையாக வாங்கியது. வால்பாறைக்கு இரண்டு தடவை, பையன் காதுகுத்துக்கு ஒரு தடவை எடுத்துப்போனதோடு சரி. இப்போது பீரோவில் தூங்குகிறது. 'செல்போனே போதுமே, இதை எதுக்கு வெச்சுட்டு' என்று வீட்டம்மாவும் சொல்லிவிட்டார். நாலு படம் எடுத்து, விலை போட்டு, ஆன்லைனில் விளம்பரம் கொடுக்கிறீர்கள்.

அரை மணி நேரத்தில் போன். பேரமே இல்லை. 'ஓகே சார், நீங்க சொன்ன ரேட்டே ஓகே' என்கிறது ஒரு குரல். ராணுவத்தில் இருக்கிறாராம். மதுக்கரை முகாமில் போஸ்டிங், அடுத்த வாரம் டிரான்ஸ்ஃபர், நேரில் வர நேரமில்லை, ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வார். நீங்கள் கேட்காமலேயே அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸப்பில் வந்து விழுகின்றன. யூனிஃபார்மில் கம்பீரமாக ஒரு படம். கடைசியாக ஒரு கியூ.ஆர். கோடு. 'இதை ஸ்கேன் பண்ணி, பின் நம்பர் போடுங்க சார். பணம் உங்க அக்கவுன்ட்டுக்கு வந்துடும்.'

வராது. போகும்!

யு.பி.ஐ. என்கிற ஏற்பாடு 2016-ல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவைப்பட்டதே இல்லை. பின் நம்பர் என்பது உங்கள் கல்லாப்பெட்டிச் சாவி. காசு உள்ளே வருவதற்கு எதற்குச் சாவி? 'எனக்குப் பணம் அனுப்பு' என்று கேட்கிற 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' வசதியைத் தனி நபர்களுக்கு இடையே 2025 அக்டோபர் 1-ம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். இந்த மாதிரி ஆட்களால்தான் அந்த வசதியே போனது. ஆனால், கியூ.ஆர். கோடு இருக்கிறது. பணம் போட்டதாகக் காட்டுகிற போலி ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. 'தெரியாம பத்தாயிரம் கூட அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க சார்' என்கிற அழுகை இருக்கிறது. வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தால் பத்து பைசா வந்திருக்காது.

இது ஏதோ தனி ஆள் செய்கிற சில்லறை வேலை என்று நினைக்காதீர்கள். 2023 ஏப்ரலில் ஹரியானா மாநிலம் நூ மாவட்டத்தில் 14 கிராமங்களை 5,000 போலீஸார் ஒரே ராத்திரியில் சுற்றி வளைத்தார்கள். கிராமம் கிராமமாக உட்கார்ந்து செய்கிற குடிசைத் தொழில் இது. நாம் ஒரு ஊரில் உட்கார்ந்து பனியன் தைக்கிறோம், இன்னோர் ஊரில் போர்வை நெய்கிறோம். அந்த மாதிரி!

சரி, எச்சரிக்கை போதும். இதெல்லாம் உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். எனக்கு விளங்காதது வேறு. தெரிந்தும் ஏன் கேட்காமல் விடுகிறோம்?

நான் விசாரித்தவரை காரணம் முட்டாள்தனம் இல்லை. மரியாதை. போத்தனூரில் ஒரு நண்பர், ரிட்டயர்டு ஆசாமி. ஏமாந்தவர். 'அவுரு மிலிட்டரிக்காரருங்கிறாரு. நம்பாம எப்படீங்க பேசறது? கேட்டா மனசு சங்கடப்படுமல்லங்க' என்றார். பாருங்கள்... திருடன் மனசு சங்கடப்படக்கூடாது என்று இவர் கவலைப்பட்டிருக்கிறார்! சிரிக்காதீர்கள். 'நம்ம மேல நம்பிக்கை இல்லீங்களா?' என்று யாராவது கேட்டால் நீங்களும் நானும் அதே இடத்தில்தான் தடுமாறுவோம். கொங்குச் சீமையில் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் சொல்ல முடியாது. நம் மரியாதைதான் அவர்களுக்கு முதலீடு.

அப்படியானால் கேள்வி இதுதான். முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகப்படுவது தப்பா? அவர் நல்லவராக இருந்துவிட்டால் அது பாவம் இல்லையா?

பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போனால் போதும். வாங்குகிறவர் மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறார். சுழி பார்க்கிறார். நடக்கவிட்டுப் பார்க்கிறார். மடியைத் தொட்டுப் பார்க்கிறார். அப்புறம் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். விற்கிறவர் பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். 'என்ற மாட்டு வாயையா திறந்து பாக்கறே, என்னை நம்பலையா?' என்று அங்கே யாரும் சண்டைக்குப் போவதில்லை. 'தாராளமா பாருங்க' என்பதுதான் அங்கே பேச்சு. அப்படிச் சொல்லாதவருடைய மாட்டை யாரும் வாங்க மாட்டார்கள்.

ஏன் அங்கே கோபம் வருவதில்லை? பல்லைப் பார்ப்பது அந்த ஆள் மீதான தீர்ப்பு அல்ல, சந்தையின் வழக்கம். கவுண்டர் கொண்டுவந்த மாட்டுக்கும் அதே சோதனை, கைலி கட்டிய வியாபாரி கொண்டுவந்த மாட்டுக்கும் அதே சோதனை. எல்லோரையும் ஒரே மாதிரி சோதித்தால் யாருக்கும் அவமானம் இல்லை. முகத்தைப் பார்த்து, பேச்சைப் பார்த்து, சாதியைப் பார்த்து சிலரை மட்டும் சோதிப்பதுதான் அவமானம். நாம் அதைத்தான் செய்கிறோம். யூனிஃபார்ம் போட்ட படத்தைப் பார்த்ததும் வணக்கம் போடுகிறோம். கசங்கிய சட்டையோடு வருகிற பையனை மூன்று தடவை குறுக்கு விசாரணை செய்கிறோம். சந்தேகத்தைத் தப்பான ஆளிடம் செலவழித்துவிடுகிறோம்.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 51-வது. ஆராயாமல் நம்பாதே என்று மட்டும் அதில் சொல்லவில்லை வள்ளுவர். ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படாதே என்பதையும் கூடவே சொல்கிறார். வரிசைதான் முக்கியம். முதலில் ஆராய்ச்சி, அப்புறம் நம்பிக்கை. நாம் முதலில் நம்பிவிட்டு, பணம் போன பிறகு ஆராய்கிறோம்.

இன்னொரு விஷயம், இது காமர்ஸ் படித்தவனின் பார்வை. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார மேதை 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுதான் அஸ்திவாரம். விஷயம் ரொம்ப எளிமை. எது நல்ல கார், எது சொத்தை என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால், அவர் எல்லாவற்றுக்கும் நடுவாந்திரமாக ஒரு விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படி ஆகாது. அவர் சந்தையைவிட்டுப் போய்விடுவார். மிஞ்சுவது சொத்தை. விலை இன்னும் இறங்கும். கடைசியில் சந்தையே சொத்தைகளின் கூடாரமாகிவிடும்.

காரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேமராவைப் போடுங்கள். பொத்திப் பொத்தி வைத்திருந்து விற்க வருகிறாரே ஒரு யோக்கியர், அவருக்கு நியாயமான விலை கிடைக்க ஒரே வழி, நீங்கள் அவருடைய கேமராவை நன்றாகச் சோதித்துப் பார்ப்பதுதான். சோதிக்காமல் விட்டால் அவரையும் ஃபிராடையும் ஒரே தட்டில் வைத்ததாக அர்த்தம். நாம் மரியாதை என்று நினைக்கிறோமே, நல்லவரை அவமானப்படுத்துவது உண்மையில் அதுதான்.

எப்படிச் சோதிப்பது? பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், கேமராவைக் கையில் வாங்கித்தான். அட்வான்ஸ் அனுப்பி 'கூரியரில் வருது' என்று காத்திருப்பது, மாட்டின் போட்டோவைப் பார்த்து மாடு பிடிப்பதற்குச் சமம். காருக்கு கிலோமீட்டர் மாதிரி கேமராவுக்கு ஷட்டர் எண்ணிக்கை. இத்தனை ஆயிரம் தடவை கிளிக் ஆகியிருக்கிறது என்று ஒரு கணக்கு. நடுத்தர எஸ்.எல்.ஆர். கேமராக்களின் ஷட்டர் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கிளிக் தாங்கும் என்று கம்பெனிக்காரர்களே சொல்வார்கள். நிக்கான் மாதிரி சிலவற்றில், எடுத்த படத்தின் கோப்பிலேயே இந்தக் கணக்கு பதிவாகியிருக்கும். மற்றவற்றுக்கு சர்வீஸ் சென்டர். லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை தெரியும். கடற்கரை ஊர்களில் இருந்து வருகிற லென்ஸ்களில் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். பில்லில் இருக்கிற சீரியல் நம்பரும் கேமராவின் அடியில் இருக்கிற நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். பல கேமராக்கள் அந்த நம்பரைப் படக் கோப்பிலும் எழுதிவைக்கின்றன. ஸ்டிக்கரைச் சுரண்டி மாற்றினாலும் கோப்பு காட்டிக்கொடுத்துவிடும்!

பில் இல்லையென்றால்? இங்கேதான் கஷ்டம். கல்யாண போட்டோகிராபர்கள் எத்தனையோ பேருக்கு பில்லைப் பத்திரப்படுத்துகிற பழக்கம் கிடையாது. ஆடி மாசம் முகூர்த்தம் இல்லாமல் கை இறுகி, ஒரு லென்ஸை விற்கலாம் என்று வருகிற நிஜமான ஆளை 'பில் இல்லையா, போய்ட்டு வாங்க' என்று அனுப்புவது கொடுமைதான். ஆனாலும், அவர் பல வருஷமாக அதே கேமராவில் எடுத்த படங்கள் இருக்கும் அல்லவா? அவற்றில் பதிவான சீரியல் நம்பர் இருக்கும். வாங்கிய கடையில் கணக்கு இருக்கும். அவருடைய ஸ்டூடியோவுக்கே போய் ஒரு டீ குடிக்கலாம். நிஜ ஆளிடம் காட்டுவதற்கு ஏதாவது ஒன்று இருக்கும். ஒன்றுமே இல்லாமல், பாதி விலைக்கு, 'இன்னைக்கே வேணும்' என்று அவசரப்படுத்துகிறவர் விஷயம் வேறு.

அந்தப் பாதி விலை இருக்கிறதே... அதில்தான் நம் யோக்கியதையும் வெளியே வரும். அறுபதாயிரம் பெறுமானமுள்ள பொருள் இருபதாயிரத்துக்கு வந்தால் நமக்குள்ளே ஒரு குரல் 'எங்கேயோ இடிக்குதே' என்கிறது. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்து நாம் கேட்பதில்லை. வாடகைக்கு எடுத்த கேமராவைக் கொண்டுபோய் விற்றுவிட்டுத் தலைமறைவாகும் கேஸ்கள் சாதாரணம். அந்தக் கேமராவுக்குச் சொந்தக்காரர் கடன் வாங்கித் தொழில் செய்கிற ஆளாக இருப்பார். தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சட்டம் இதில் தெளிவு. 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்வதன் சாரம், தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது. நீங்கள் காசு கொடுத்திருந்தாலும் பொருள் உங்களுடையது ஆகாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்று வருஷம் வரை ஜெயில். 'எனக்குத் தெரியாதுங்க' என்று கோர்ட்டில் சொல்லலாம். தெரிந்துகொள்ள விரும்பாமல் இருந்ததை நம் மனசாட்சியிடம் என்னவென்று சொல்வது?

விற்கிறவருக்கும் ஒரு சங்கடம் உண்டு. லென்ஸில் லேசாகப் பூஞ்சை. வாங்குகிறவர் கவனிக்கவில்லை. நாமாகச் சொல்ல வேண்டுமா? ரோமாபுரியில் சிசரோ கி.மு. 44-ல் இதே கேள்வியைப் போட்டு உடைத்திருக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பலில் தானியம் கொண்டுவருகிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவருக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா, வேண்டாமா? 'பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை' என்கிறார் டயோஜெனிஸ் என்கிற தத்துவவாதி. 'மறைக்கவே கூடாது' என்கிறார் அவருடைய சீடர் ஆன்டிபேட்டர். சிசரோ சீடர் கட்சி. நம் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, பெரும்பாலும் குரு கட்சி: வாங்குகிறவரே பார்த்துக்கொள்ளட்டும். நான் சிசரோவோடுதான் நிற்பேன். கூடுதலாக ஒரு வியாபாரக் காரணமும் உண்டு. 'இங்கே ஒரு கீறல் இருக்குதுங்க' என்று தானாகச் சொல்கிறவரிடம் யாரும் பெரிதாகப் பேரம் பேசுவதில்லை. முயற்சி செய்து பாருங்கள்.

'எல்லாம் பேராசைதான் சார், ஏமாந்தவனுக்கு நல்லா வேணும்' என்று சிலர் சொல்வார்கள். 2009-ல் திருப்பூரில் பாசி நிறுவனம் கவிழ்ந்தபோது சொன்னார்கள். போட்ட பணம் 930 கோடி ரூபாய். 2022-ல்தான் கோவை கோர்ட் அதன் இயக்குநர்களுக்கு 27 வருஷத் தண்டனை கொடுத்தது. 2012-ல் பெருந்துறை ஈமு கோழிகள் தீனி இல்லாமல் நின்றபோதும் அதையேதான் சொன்னார்கள். அங்கே வட்டி ஆசை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மாமா சொன்னார், பங்காளி போட்டிருக்கிறார் என்று நம்பித்தான் பாதிப் பேர் பணத்தைக் கொட்டினார்கள். தெரிந்தவர் சொன்னதால் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை. போத்தனூர் நண்பர் விஷயத்தில் அந்த ஆசைகூடக் கிடையாது. தன் பொருளுக்குத் தான் சொன்ன விலையைத்தான் கேட்டார்.

அவர் செய்த ஒரே காரியம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்று நாள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மகனிடம்கூட. 'சொன்னா மானம் போயிருமுங்க' என்றாராம். திருடியவனுக்கு இல்லாத வெட்கம் பறிகொடுத்தவருக்கு! அந்த மூன்று நாளில் பணம் நாலு அக்கவுன்ட் தாண்டி எங்கேயோ ஏ.டி.எம்.மில் நோட்டாகிப் போயிருக்கும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் 1930 என்ற நம்பருக்கு போன் செய்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. சட்டம் வந்த வருஷமும் 1930, போன் நம்பரும் 1930. ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி. பணம் போன நேரம், தொகை, உங்கள் வங்கியின் பெயர், பரிவர்த்தனை எண் இவற்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். வீட்டில் திட்டுவார்கள். அதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.