புயலுக்கும் ஒப்புதலுக்கும் நடுவே

மனிதன் தன் நற்செயலால் அல்ல, கிருபையால், விசுவாசத்தின் வழியே இரட்சிக்கப்படுகிறான். சுவிசேஷக் கிறிஸ்தவத்தின் மையம் இதுதான். இங்கே எனக்கு ஒரு முள் உறுத்துகிறது: ஜான் நியூட்டன்.

1748இல் புயலில் சிக்கிய கப்பலில் கடவுளிடம் கதறினார். அதையே தன் மனந்திரும்புதலின் தொடக்கமாக நினைவுகூர்ந்தார். ஆனால் அதற்கப்புறம்தான் அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டன் ஆனார், 1754 வரை. கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள், மேலே ஜெபம். ‘அமேசிங் கிரேஸ்’ எழுதியவரும் இவரே. அந்த வணிகத்தை எதிர்த்து நூல் வெளியிட்டது 1788இல். நாற்பது வருஷம்! ஒப்புதல் தாமதமாகிவிட்டது என்று அதில் அவரே சொல்கிறார்.

விசுவாசம் மெய்யானால் செயல் தானே வரும் என்பார்கள். வந்தது, சரி. மன்னிக்கவும் கடவுளால் முடியும். ஆனால் கீழ்த்தளத்தில் இருந்தவர்களை யாராவது கேட்டார்களா?