ஏழையின் காணிக்கை

டிசம்பர் மாதத்தின் மூன்றாவது வாரம். கோவாவிலிருந்து மங்களூர் வரையிலான கொங்கணக் கடற்கரை ஊர்களில் வீட்டு வாசல்தோறும் காகித நட்சத்திரங்கள் ஒளிர்கின்றன. அவற்றுள் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். குழந்தைகள் உறங்கிவிட்டனர். தாயும் தந்தையும் சமையலறையில் அமர்ந்து மெல்லிய குரலில் கணக்குப் பார்க்கிறார்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், முதியவரின் மருந்து எல்லாவற்றையும் கழித்த பின் கையில் நிற்பது சில நூறு ரூபாய். மகன் கேட்டிருப்பது சைக்கிள். மகள் கேட்டிருப்பது கிறிஸ்துமஸ் காலையில் தேவாலயத்துக்கு அணிந்து செல்லப் புதிய உடை. வட்டிக்குப் பணம் தர ஒருவர் இருக்கிறார். வாங்குவதா, வேண்டாமா?

இது வீட்டுக் கணக்குதானே, இதில் தத்துவ விசாரத்துக்கு என்ன இடம் என்று தோன்றலாம். ஆயினும் அந்தப் பெற்றோரின் நெஞ்சில் அப்போது எழும் வேதனையைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால், அறநூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஒரு கேள்வி அங்கே காத்திருக்கிறது. அன்பு என்று பெயர் சூட்டப்படும் உணர்ச்சியில் பிறருக்கானது எவ்வளவு? தனக்கானது எவ்வளவு?

பிருஹதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்கு, கணவன், மனைவி, மக்கள் ஆகியோர்மீது கொள்ளும் அன்பின் வேரைச் சுட்டிக் காட்டுகிறார். அந்த அன்பு அனைத்தும் ஆத்மாவையே நாடி நிற்கிறது என்பது அவரது போதனை. அங்கே ஆத்மா என்பது சின்னஞ்சிறு ‘நான்’ அன்று. எல்லாவற்றிலும் நிறைந்த மெய்ப்பொருள். ஆனால் அன்றாட வாழ்வில், அந்தப் பெரிய ஆத்மாவின் இருக்கையில் இந்தச் சிறிய ‘நான்’ வந்து அமர்ந்துகொள்வதுதான் வழக்கம். பெற்றோரின் துயரத்திலும் இவ்வாறு இரண்டு கலந்திருக்கின்றன. குழந்தை ஏங்குகிறதே என்பது ஒன்று. நான்கு பேர் நடுவில் தலைகுனிய நேருமே என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. மகளின் பழைய உடையை அன்று காலை எவருமே காணப் போவதில்லை என்று வைத்துக்கொண்டால், அந்தக் கடன் அப்போதும் தேவைப்படுமா? எந்தப் பகுதி அக்கணமே உதிர்ந்துவிடுகிறதோ அது வெட்கத்தின் பங்கு. வட்டிக்கு வாங்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த வெட்கத்துக்கே செலவாகிறது.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை அவசியம். துறவு என்பது உள்ளவன் விடுவது. இல்லாதவனிடம் சென்று ‘போதுமென்ற மனமே பொன்’ என்று உபதேசிப்பது மலிவான காரியம். எட்டு வயதுச் சிறுவன் சைக்கிள் வேண்டும் என்று கேட்பதில் எந்தக் குற்றமும் இல்லை. வைராக்கியம் அவன் சுமக்க வேண்டிய சுமை அன்று. அவன் ஆசையைக் கேலி செய்வதோ, அதைத் தவறு என்று கண்டிப்பதோ, இயலாமைக்கு அறத்தின் உடையைப் போர்த்துவதாகும்.

அந்தச் சிறுவனைக் காயப்படுத்தக்கூடியது வேறொன்று உண்டு. நல்ல குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா பரிசு கொண்டு வருவார் என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மறுநாள் எதிர்வீட்டுச் சிறுவனிடம் சைக்கிள் இருக்கிறது. இவன் காலுறையில் ஒரு வண்ணப் பென்சில் பெட்டி. குழந்தையின் தர்க்கம் பிழையற்றது. நல்லவனுக்குப் பெரிய பரிசு என்றால், தான் அவ்வளவு நல்லவன் இல்லை என்பதே அவன் எட்டும் முடிவு. செல்வத்தைப் புண்ணியத்தின் அடையாளமாகவும் வறுமையைக் குறையின் அடையாளமாகவும் காணும் பிழை பெரியவர்களிடமும் உண்டு. கர்மக் கொள்கையைத் தவறாகப் புரிந்துகொண்டு அதே பிழையைச் செய்வோர் இந்நாட்டில் குறைவில்லை. அந்தப் பிழையின் முதல் பாடம் ஒரு விளையாட்டுக் கதையின் வடிவில் ஒரு பிஞ்சு நெஞ்சில் பதிகிறது.

இத்தனைக்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூல உருவம் வேறானது. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் பிஷப்பாக விளங்கியவர் புனித நிக்கோலஸ். வறுமையால் தம் மூன்று பெண்களுக்கும் மணம் முடிக்க இயலாமல் தவித்த ஒரு தந்தையின் வீட்டுக்குள், இரவில் எவரும் அறியாமல் பொன் முடிப்புகளை அவர் போட்டுச் சென்றார் என்பது மரபுக் கதை. பெண்கள் நல்லவர்களா என்று அவர் விசாரிக்கவில்லை. பெறுபவரின் மானம் கெடலாகாது என்பதற்காகவே அவர் இருளைத் தேர்ந்தெடுத்தார்.

கிறிஸ்துமஸ் எவருடைய பிறப்பைக் கொண்டாடுகிறதோ அந்தக் குழந்தையின் வீட்டு நிலையும் நினைவுகூரத் தக்கது. சத்திரத்தில் இடமின்றித் தீவனத்தொட்டியில் கிடத்தப்பட்டதை எல்லோரும் அறிவர். அதைத் தொடர்ந்து வரும் நிகழ்ச்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மகன் பிறந்து நாற்பது நாட்கள் கழிந்ததும் தாய் ஆலயத்தில் செலுத்த வேண்டிய காணிக்கையை யூதர்களின் சட்டநூலான லேவியராகமம் விதிக்கிறது. ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் செலுத்த வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவள் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். மரியாளும் யோசேப்பும் குழந்தையுடன் எருசலேம் சென்றதை வருணிக்கும் லூக்கா, புறாக்களை மட்டுமே குறிப்பிடுகிறார். ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்கள் செலுத்தியது ஏழையின் காணிக்கை. அதற்காக வட்டிக்கு வாங்கியதாகவும் தெரியவில்லை! அன்று ஆலயத்தில் இருந்த சிமியோன் என்ற பெரியவர் அந்தக் குழந்தையைக் கைகளில் ஏந்தி இறைவனைத் துதித்தார்.

ஏழைக்கு அவன் நிலைக்கேற்ற விதியை வகுத்த அந்தச் சட்டத்தின் பரிவு, தைத்திரீய உபநிஷதத்தைப் பயின்றவர்களுக்குப் புதியதாகத் தோன்றாது. கல்வி முடித்து இல்லம் திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் கூறும் அறிவுரையில், கொடுப்பவனின் மனநிலை எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக அடுக்கப்படுகிறது. முதலில் சிரத்தை. அடுத்து வரும் ‘ஸ்ரீ’ என்ற சொல்லை, தாராளமாக என்று சிலரும், தன் செல்வத்துக்கு ஏற்ப என்று சிலரும் மொழிபெயர்த்துள்ளனர். இரண்டாவது பொருளைக் கொண்டால், சில நூறு ரூபாய் உள்ளவன் அதற்கேற்பக் கொடுப்பது குறைபாடே அன்று. அதற்கும் அடுத்த சொல் ‘ஹ்ரீ’, அதாவது நாணம். இந்த இடம் நின்று சிந்திக்கத் தக்கது. கொடுப்பவன் ஏன் நாண வேண்டும்? எவ்வளவு கொடுத்தாலும், இவ்வளவுதானா கொடுக்க முடிந்தது என்று அவன் உள்ளம் கூச வேண்டும் என்பதால்தான். யானையைக் கொடுப்பவனுக்கும் அந்த நாணம் வேண்டும்.

மேலே கண்ட வெட்கத்துக்கும் இந்த நாணத்துக்கும் உள்ள தூரம் பெரிது. ஊராரின் கண்களைப் பார்த்துப் பிறப்பது அது. கொடுப்பதைப் பெறும் முகத்தைப் பார்த்துப் பிறப்பது இது. பென்சில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு மேல் கொடுக்க முடியவில்லையே என்று கலங்கும் தந்தை, உபநிஷதம் சொல்லும் கொடையாளியின் இலக்கணத்தில் தம்மை அறியாமலே நிற்கிறார். கடன் வாங்கிச் சைக்கிள் கொடுத்துவிட்டு, தை மாசி மாதங்களில் வட்டி கட்டும்போதெல்லாம் ‘உனக்காகத்தானே இந்தப் பாடு’ என்று மகனிடம் சொல்லிக் காட்டுபவரின் நிலை வேறு. மன வருத்தத்தோடும் கைம்மாறு கருதியும் கொடுப்பதைக் கீதையின் பதினேழாம் அத்தியாயம் ராஜஸ தானம் என்று வகைப்படுத்துகிறது. அந்தச் சைக்கிளுக்கு மகன் தன் நன்றியால் தவணை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படியானால் குழந்தையிடம் என்ன சொல்வது? உண்மையை மறைப்பதா?

1884-ஆம் ஆண்டு தந்தை விசுவநாத தத்தர் காலமானபின், நரேந்திரரின் குடும்பம் பட்டினியின் விளிம்புக்குச் சென்றது. வீட்டில் எல்லோருக்கும் போதிய உணவு இல்லாத நாட்களில், வெளியே விருந்துக்கு அழைப்பு இருக்கிறது என்று தாயிடம் கூறிவிட்டு அவர் வெறும் வயிற்றோடு வெளியேறிவிடுவார் என்று அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. (அதே நரேந்திரர்தான் 1886 டிசம்பர் 24 அன்று ஆன்ட்பூரில், துனி நெருப்பைச் சுற்றி அமர்ந்திருந்த சகோதரச் சீடர்களுக்கு ஏசுநாதரின் வாழ்வை எடுத்துரைத்தார். அன்று கிறிஸ்துமஸ் முன்னிரவு என்பது அவர்களுக்குப் பிறகே தெரிந்தது.) அவர் தாயிடம் கூறியதைப் பொய் என்று எடைபோட எவருக்கும் மனம் வராது. கவனிக்க வேண்டியது, மறைத்தது யார் என்பதை. மறைத்தவர் பிள்ளை. ஏழை வீட்டுக் குழந்தைகளும் பொருள்களின் விலையை மிகச் சிறு வயதிலேயே அறிந்துகொள்கின்றன. கடை வாசலில் ஒரு பொம்மையை உற்றுப் பார்த்துவிட்டு, ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று சொல்லும் குழந்தையைப் பலரும் கண்டிருப்பார்கள். பெற்றோர் மறைக்கிறார்கள், குழந்தையும் மறைக்கிறது. ஒருவர்மீது ஒருவர் கொண்ட அன்பினாலேயே ஒரே கூரையின்கீழ் ஒவ்வொருவரும் தனியாக இருக்கிறார்கள்.

‘இந்த ஆண்டு அப்பாவிடம் சைக்கிள் வாங்கப் பணம் இல்லை’ என்ற ஒரு வாக்கியம் குழந்தையை அழவைக்கலாம். ஆனால் நீ நல்லவன் இல்லை என்று அது சொல்வதில்லை. அடுத்து, ‘கையில் இவ்வளவு இருக்கிறது, இதில் என்ன செய்யலாம்?’ என்று கேட்டால், அழுத கண்ணோடு அது கணக்கில் வந்து சேர்ந்துகொள்ளும்.

கொங்கணக் கரையில் இதற்கு ஒரு வழி முன்னரே இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு, வீட்டார் அனைவரும் பாயில் சுற்றி அமர்ந்து குல்குல் செய்வார்கள். மைதா, சர்க்கரை, தேங்காய்ப்பால், அதிகச் செலவில்லை. சிறு உருண்டைகளை முள்கரண்டியின் முதுகிலோ புதிய சீப்பிலோ அழுத்திச் சுருட்டுவது குழந்தைகளின் வேலை. மங்களூரில் இதற்குக் ‘கிட்யோ’, அதாவது புழுக்கள், என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்காத குழந்தை இல்லை. பொரித்தெடுத்தவை தட்டுகளில் நிரப்பப்பட்டு அண்டை வீடுகளுக்கு அனுப்பப்படுகின்றன. தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பிய இந்துக் குடும்பத்துக்கும் ஒரு தட்டு உண்டு.

தட்டை எடுத்துச் செல்வதும் குழந்தைகளே. சைக்கிள் கிடைக்காத அந்தச் சிறுவன், பின்னல் துணியால் மூடிய தட்டை இரு கைகளாலும் ஏந்தி, சிந்திவிடாமல் அடிமேல் அடிவைத்து எதிர்வீட்டுப் படியேறுகிறான். அழைப்பு மணியை அழுத்தக் கை இல்லை. ‘வந்திருக்கிறேன்’ என்று உரக்கக் குரல் கொடுக்கிறான்.