கைதிக்குச் செய்த கொடுமை யார் கணக்கில்?

நம் கடைத்தெருவில் வழக்கமாக நடப்பதுதான். சாமான் எடை குறைந்துவிட்டால், வாங்க வந்தவர் நிறுத்துக் கொடுத்த பையனைப் பார்ப்பதில்லை. கல்லாவில் இருக்கும் முதலாளியைத்தான் பார்க்கிறார். பையன், "முதலாளி இப்படித்தான் நிறுக்கச் சொன்னார்" என்கிறான். முதலாளி, "நான் சொல்லவே இல்லை, அவனாகச் செய்தான்" என்கிறார். காற்கிலோ வெங்காயத்துக்கே இந்த வழக்குச் சுலபத்தில் தீருவதில்லை. அப்படியிருக்க, யுத்த காலத்தில் கையில் அகப்பட்ட மனிதர்களைப் பட்டினி போட்டும் அடித்தும் நோயில் விட்டும் கொன்றார்களே, அந்தக் கணக்கை யார் பேரில் பற்று எழுதுவது? உத்தரவு போட்டவன் பேரிலா, கம்பெடுத்தவன் பேரிலா, கண்டும் காணாமல் இருந்தவன் பேரிலா?

இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று எந்தச் சகோதரரும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். தெலுக் பங்லிமா காராங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து நம் கடைகளுக்கு வந்து போகிற குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். "எங்கள் பாட்டன் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை" என்று சொல்லும் வீடுகள் இன்றைக்கும் உண்டு.

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதே வருஷம் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடும் வேலை ஆரம்பமாயிற்று. நீளம் 415 கிலோ மீட்டர். காடு, மலை, ஆறு. 1943 அக்டோபர் 17-இல் இரு பக்கத்துத் தண்டவாளமும் ஒன்று சேர்ந்தன. வேலைக்கு 60,000-க்கும் அதிகமான வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களே பல்லாயிரம். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர் தொகையை எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்று மதிப்பிடுகிறார்கள். சரியான தொகையை ஒருவரும் சொல்ல முடியாது. ஏனெனில், வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர்ப் பதிவு இருந்தது. நம்மவர்களுக்கு அப்படி ஒழுங்கான பதிவு இல்லை.

"தோட்டத் தொழிலாளி கைதியா? கூலிக்குத்தானே போனான்?" என்று ஒருவர் கேட்கலாம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளிச் சம்பளம் என்று ஆசை காட்டித்தான் முதலில் ஆள் சேர்த்தார்கள். பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கட்டளை வந்தது. மூன்று மாதம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போக விடவில்லை. திரும்பிப்போக முடியாதவன் கைதி அல்லாமல் வேறு என்ன? கையில் விலங்கு இல்லை என்பதால் அவனைச் சுதந்திர மனிதன் என்று சொல்லிவிட முடியாது. 1929-ஆம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தம் போர்க்கைதிகளைப் பற்றித்தான் பேசியது. ஜப்பான் அதில் கையெழுத்திட்டும் அதை அங்கீகரிக்கவில்லை. நம் தொழிலாளிக்கோ பேருக்குக்கூட அப்படியொரு காகிதம் கிடையாது. வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அவர்களுடைய டாக்டர்களும் அதிகாரிகளும் கூடவே இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கழிப்பிடத்தைத் தள்ளி வெட்டு என்று கண்டிப்புச் செய்தார்கள். 1943-இல் காலரா வந்தபோது, அப்படிச் சொல்ல ஆளில்லாத நம்மவர் முகாம்களில் மரணம் பன்மடங்காயிற்று.

இனி நியாயஸ்தலத்துக்கு வருவோம். 1946 முதல் 1948 வரை சிங்கப்பூரில் ஆங்கிலேயர் ராணுவ கோர்ட்டுகளை நடத்தினார்கள். ரயில் வேலையின் கடைசிக் கட்டத்தில் தலைமை வகித்த லெப்டினண்ட் ஜெனரல் இஷிதா எய்குமாவுக்குப் பத்து வருஷச் சிறை கிடைத்தது. அவரோடு குற்றவாளிக் கூண்டில் நின்ற கர்னல்கள் நகாமுரா, இஷீ இருவருக்கும் தூக்கு. அவர்களுக்கும் கீழே முகாம்களில் காவல் நின்றவர்களில் பெரும்பாலோர் கொரியர்கள். கொரியா அப்போது ஜப்பானின் அடிமை நாடு. யுத்தம் முடிந்து நேச நாட்டுக் கோர்ட்டுகள் 148 கொரியர்களைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, 23 பேரைக் கொன்றன. ஹின்டோக் முகாமில் காவலராக இருந்த லீ ஹாக்-ரே என்பவர் பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். 1947-இல் அவருக்கு மரண தண்டனை விதித்து, பின்னர் இருபது வருஷமாகக் குறைத்தார்கள். 1991-இல் அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அந்த முகாமில் கைதியாக இருந்த டாக்டர் டன்லப்பைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். 2021-இல் காலமாகும் வரை, தம்மைப் போன்ற கொரியர்களுக்கு நியாயம் வேண்டும் என்று ஜப்பானிய அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரே மனிதர் ஒரு பக்கம் மன்னிப்புக் கேட்கிறார், மறுபக்கம் நியாயம் கேட்கிறார். இரண்டும் சரிதான் என்பதே என் அபிப்பிராயம்.

ஜப்பானியப் படையில் அதிகாரி சார்ஜண்டை அறைவான், சார்ஜண்ட் சிப்பாயை அறைவான், சிப்பாய் கொரியக் காவலனை அறைவான். அதற்கும் கீழே இருந்தவன் கைதிதான். மேலே இருந்தவன் தன் கையால் ஒரு கைதியையும் தொட்டிருக்க மாட்டான். ஆனால் அந்தப் படிக்கட்டைக் கட்டியவன் அவன்.

"உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன்" என்ற பதிலைப் பற்றி நம் மார்க்க நூல்களிலே மிகப் பழைய விவாதம் உண்டு. மதரஸாவில் கிதாபு ஓதிய சகோதரர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். ஒருவனைக் கொல்லும்படி இன்னொருவனை உயிருக்குப் பயமுறுத்திக் கட்டாயப்படுத்துகிறான், அவனும் கொன்றுவிடுகிறான். பழி யார் மீது? இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கட்டாயப்படுத்தியவன் மீதே என்றார்கள். அவர்களுடைய மாணவர் ஸுபர் (ரஹ்) அவர்கள் செய்தவன் மீதே என்றார்கள். ஷாபிஈ மத்ஹபில் வலுவான சொல், இருவர் மீதும் என்பது. நம்மில் இரண்டு மத்ஹபுக்காரரும் இருக்கிறோம். இதை வைத்துச் சண்டை வேண்டாம். ஏனென்றால், பழிக்குப் பழி விஷயத்தில்தான் கருத்து வேற்றுமை. கட்டாயத்தினால் கொன்றவனும் பாவியே என்பதில் எல்லோரும் ஒன்று. தன் உயிரைக் காக்க அடுத்தவன் உயிரை எடுக்க ஒருவனுக்கும் உரிமை இல்லை. கட்டாயம் என்றாலும் அது உண்மையான கட்டாயமாக இருக்க வேண்டும். காய்ச்சலில் கிடந்தவனை எழுப்பி வேலைக்கு விரட்டிய ஒவ்வொரு தடவையும் காவலன் கழுத்தில் கத்தி இருந்ததா? சில தடவை இருந்திருக்கலாம். எல்லாத் தடவையும் இருந்திருக்காது.

இதைவிட நேரான சம்பவம் ஒன்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலேயே நடந்தது. ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றிக்குப் பின், காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். அம்மக்கள் தாங்கள் இஸ்லாத்தை ஏற்றோம் என்பதைச் சரியான சொல்லில் சொல்லத் தெரியாமல் வேறொரு சொல்லால் சொன்னார்கள். காலித் அதை ஏற்கவில்லை. அவர்களைச் சிறைப்பிடித்து, படையில் இருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு கைதியை ஒப்படைத்தார்கள். பிறகு ஒரு நாள், அவரவர் கைதியை அவரவர் கொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள், தாமும் கொல்வதில்லை, தம் தோழர்களும் கொல்ல மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். செய்தி நாயகம் அவர்களிடம் போனது. அவர்கள் கைகளை உயர்த்தி, காலித் செய்ததற்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று இறைவனிடம் இரண்டு தடவை சொன்னார்கள்.

கவனியுங்கள், சம்பந்தமில்லை என்று சொன்னதோடு விஷயம் முடியவில்லை. அலீ (ரலி) அவர்களிடம் பணம் கொடுத்து அந்த மக்களிடம் அனுப்பினார்கள். கொல்லப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு, சேதமான பொருள்களுக்கும் நஷ்டஈடு. நாய்க்குத் தண்ணீர் வைக்கும் மரத்தொட்டிக்குக்கூட ஈடு கொடுத்தார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். மீதிப் பணத்தையும் அலீ அவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஒருவேளை கணக்கில் விட்டுப்போனது ஏதேனும் இருக்கலாம் என்று அங்கேயே கொடுத்துவிட்டார்கள்.

குற்றம் செய்தவர் ஒருவர், கடனைத் தீர்த்தவர் வேறொருவர். "அவன் செய்தான், எனக்குத் தெரியாது" என்று சொல்லும் எந்த அரசாங்கத்துக்கும் இதிலே பதில் இருக்கிறது. 1949-ஆம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தத்தின் 12-ஆம் விதியும் ஏறக்குறைய இதையே பேசுகிறது. கைதி பிடித்தவன் கையில் இல்லை, பிடித்த அரசாங்கத்தின் கையில் இருக்கிறான். தனி ஆட்களின் பொறுப்பு ஒருபுறமிருக்க, அரசாங்கத்தின் பொறுப்புத் தனியாக நிற்கும் என்பது அதன் கருத்து.

வியாபாரத்தில் இதை நாம் நன்றாக அறிவோம். ஒருவர் கடன் வாங்குகிறார், இன்னொருவர் ஜாமீன் நிற்கிறார். கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் எவரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஜாமீன்தாரர் இருக்கிறார் என்பதால் கடன்காரனுடைய கடன் பாதியாகக் குறைவதில்லை. கொடுமையின் பொறுப்பும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. பத்துப் பேர் சேர்ந்து செய்ததால் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

அப்படியானால், தோட்டத்தில் பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுத்த கிராணியையும் கங்காணியையும் என்ன சொல்வது? இத்தனை ஆள் கொடு, இல்லாவிட்டால் உன்னையே கொண்டுபோவேன் என்று நெருக்கப்பட்டு எழுதியவன் உண்டு. அந்த நெருக்கடியையே சந்தர்ப்பமாக்கி, தனக்கு ஆகாதவன் பெயரை முதலில் எழுதியவனும், காசு வாங்கிக்கொண்டு ஒரு பெயரை அடித்து ஏழை ஒருவன் பெயரைச் சேர்த்தவனும் இருந்திருக்கலாம். பட்டியல் ஒன்றேயானாலும் எழுதியவர்கள் ஒன்றல்ல. கடைக்காரன் விஷயமும் இப்படியே. நாட்டைப் பிடித்த படைக்கு அரிசி விற்றவனை நான் குறை சொல்ல மாட்டேன். விற்காமல் இருக்க அவனுக்கு வழி ஏது? ஆனால் கைதிகளுக்கென்று வந்த அரிசியில் கைவைத்துக் கள்ள மார்க்கெட்டில் விற்றவன் எவனாவது இருந்தால், அவன் கம்பெடுத்து அடித்தவன் வரிசையிலேயே நிற்க வேண்டியவன்.

1942-இல் சாங்கியிலே தப்பியோட முயன்ற நான்கு போர்க்கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். உத்தரவிட்டவர் ஜெனரல் புகுவே. சுட்டவர்கள் இந்திய தேசிய ராணுவத்துச் சிப்பாய்கள். 1946-இல் புகுவேயை அதே கடற்கரையில் சுட்டார்கள். நம் நாட்டு விடுதலைக்காகப் புறப்பட்ட படை என்று அதன்மீது நமக்குப் பற்று இருக்கலாம். அதற்காக அந்த நான்கு பேரைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது.

தலைவனின் பொறுப்பு எதுவரை என்பதுதான் கடினமான கேள்வி. மலாயாவைப் பிடித்த ஜெனரல் யமாஷிதாவை, பிலிப்பைன்ஸில் அவருடைய படை செய்த கொடுமைகளுக்காக 1946 பிப்ரவரி 23-இல் தூக்கிலிட்டார்கள். தமக்குத் தெரியாது என்றும், தொடர்பு அறுந்துபோயிருந்தது என்றும் அவர் சொன்னார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையில் தலையிட மறுத்தது. ஆனால் இரண்டு நீதிபதிகள் இது நியாயமல்ல என்று எழுதி வைத்தார்கள். உண்மையிலேயே தெரியாதவனைத் தூக்கிலிடுவது அநியாயம். ஆனால் தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தில் இருந்துகொண்டு கேளாமல் இருந்தவன், தெரியாதவன் கணக்கில் சேர மாட்டான். மாதம் பூராவும் கணக்குப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காத முதலாளி, திருட்டு வெளியான அன்று "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றால் நாம் நம்புகிறோமா?

தீர்ப்புச் சொன்னவர்களின் சொந்தக் கணக்கையும் புரட்ட வேண்டும். சிங்கப்பூரில் ஜப்பானியர் வழக்குகள் முடிந்த அதே 1948-ஆம் வருஷம் டிசம்பரில், நம் சிலாங்கூரிலேயே பத்தாங் காலியில் ஆங்கிலேயப் படையினர் ஆயுதமில்லாத 24 பேரைப் பிடித்துவைத்துச் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோடும்போது சுட்டதாகச் சொன்னார்கள். பல வருஷம் கழித்து, அந்தப் படையிலிருந்த சிலரே அது உண்மையல்ல என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். 1970-இல் ஆரம்பமான போலீஸ் விசாரணை பாதியில் நிறுத்தப்பட்டது. 2015-இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம், அரசாங்கம் இனி விசாரணை நடத்தக் கடமைப்பட்டதல்ல என்று முடித்துவிட்டது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. தோற்றவனுக்கு ஒரு தராசு, ஜெயித்தவனுக்கு ஒரு தராசு என்று வைத்துக்கொண்டால் ஜப்பானியன் பெற்ற தண்டனைக்கும் மரியாதை இல்லாமல் போகிறது. அதற்காக ஜப்பானியனை விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இவனையும் பிடித்திருக்க வேண்டும்.

கடைசியாக, கடன் தீர்ந்த கதை. 1967 செப்டம்பரில் ஜப்பானும் மலேசியாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டரைக் கோடி வெள்ளி; அதுவும் ரொக்கமாக அல்ல, பொருளாகவும் சேவையாகவும். அதிலே இரண்டு சரக்குக் கப்பல்கள் கட்டித் தரப்பட்டன. யுத்தக் கணக்கு அத்துடன் நேராகிவிட்டது என்று இரு அரசாங்கங்களும் கையெழுத்திட்டன. சயாமில் மாண்ட தொழிலாளியின் மனைவி மக்களுக்கு என்று அதில் ஒரு பங்கும் ஒதுக்கவில்லை. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு ஏழாயிரம் கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெயர் பொறித்து நிற்கின்றன. நம்மவர்களின் எலும்பு பாதையோரம் எங்கே கிடக்கிறதென்று தெரியாது. மரண ரயில் ஆர்வலர் குழு என்று நம் நாட்டிலே சிலர் கூடி, தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டு, போனவர்களின் பெயர்களைச் சேகரித்து வருகிறார்கள். உங்கள் பற்றுக் கணக்கில் உள்ள வாடிக்கைக் குடும்பங்களில் சயாமுக்குப் போனவர் பெயர் தெரிந்த கிழவி எவரேனும் இருந்தால், அடுத்த தடவை சாமான் வாங்க வரும்போது அந்தப் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.