தாயின் மீது சாற்றப்படும் பழி

பூண்டுலோயாவை ஒத்த இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப்புறங்களில் ஒரு பிள்ளை பேச்சுக் குறைந்து ஒடுங்கினாலோ ஓயாமல் முரண்டு பிடித்தாலோ, 'தாய் வெளிநாடு போய்விட்டாள்' என்பதே முதலில் எழும் விளக்கமாக இருக்கிறது. அவ்விளக்கத்தில் செய்தியைவிடத் தீர்ப்பே மிகுதி.

பிள்ளையின் நடத்தையில் வறுமைக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் வட கரோலைனாவில், செரோக்கிப் பழங்குடியினரின் நிலத்தில் 1996-இல் ஒரு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டு அதன் இலாபம் அம்மக்களுக்குப் பகிரப்பட்டபோது, வறுமையிலிருந்து மீண்ட குடும்பங்களின் பிள்ளைகளிடம் நடத்தைக் கோளாறுகள், அதாவது விதிமீறலும் முரட்டுத்தனமும், குறைந்தன என்று ஜேன் கொஸ்டெலோ குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பிள்ளையைக் கவனிக்கப் பெற்றோருக்கு வாய்ப்புக் கூடியதே அதற்குக் காரணமென அவர்கள் கருதினர். ஆயினும் பதகளிப்பும் மனச்சோர்வும் அவ்வாறு குறையவில்லை; பணத்தால் தீராத துயரும் பிள்ளைக்கு உண்டு.

தோட்டத்தில் அரிதாக இருப்பது அந்தக் கவனிப்பு நேரமே. விடியுமுன் எழுந்து சமைத்து, கைப்பிள்ளையைப் 'பிள்ளை மடுவம்' எனப்படும் தோட்டக் காப்பகத்தில் விட்டு மலையேறும் பெண், குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்கத் தவறினால் அவளது முழுநாள் உழைப்பு 'அரைப்பேர்', அதாவது பாதிச் சம்பளம், ஆகிவிடுகிறது. மாலையில் அவள் திரும்பும் லயத்தில், அதாவது வரிசை வீட்டில், ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான காம்பராவொன்றே, அதாவது அறையொன்றே, அடுப்படிக்கு அப்பால் உறங்கவும் படிக்கவும் குடித்துவிட்டு வருபவரின் ஏச்சைக் கேட்கவும் உள்ள இடம். வெளிநாடு போகாத தாயும் பிள்ளைக்குக் கிடைப்பது சில மணி நேரமே என்பதை ஊர்ப்பேச்சு கணக்கில் எடுப்பதில்லை.

பிரிவு பிள்ளையைப் பாதிக்கவில்லை என வாதிடுவதற்கில்லை. ஆனால் வேறு வழி உள்ளவர் பிரிவதும் அது இல்லாதவர் பிரிவதும் அறத்தின் முன் ஒன்றாகா. அரசோ, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாக வெளிநாடு செல்வதை 2013-இல் தடுத்து, அவ்வேலைக்குச் செல்லும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கோரியது. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் அவ்வயதெல்லையை 2 ஆகக் குறைக்க அமைச்சரவை முடிவெடுத்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் குழந்தையின் தேவை மாறவில்லை, நாட்டின் டொலர் கையிருப்பே மாறியிருந்தது. அவ்வறிக்கை வேலைக்குச் சென்ற தந்தையரிடம் கோரப்படவே இல்லை.