காரணம் பிறர்க்கு, கணக்கு நமக்கு

"சூழ்நிலைதான் மனிதனை ஆட்டிவைக்கிறது என்றால், மறுமையில் கேள்வி கணக்கு எதற்கு, மாமா?"

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் என் தங்கை மகள் தொலைபேசியில் இவ்வாறு கேட்டபோது, சட்டென்று விடை கூற எனக்கு நா எழவில்லை. களா, கத்ரு பற்றிய பாடத்தை முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் நடத்தி வருகிறவன் நான். பாடத்தில் எழும் ஐயங்களுக்குக் கிதாபுகளில் விடை உண்டு. ஆனால் இந்த ஐயமோ, நாற்பது மாணவர்களை வைத்து நடத்தப்பெற்ற ஒரு சோதனையிலிருந்து எழுந்தது. அச்சோதனையைப் பற்றிக் கேட்டறிந்தபின், கேள்வி அவளுடையதாக மட்டுமன்றி என்னுடையதாகவும் ஆகிவிட்டது.

இரு பிள்ளைகளுக்குத் தாயான அவள், செவிலியர் பயிற்சியில் சேரும் எண்ணத்துடன், வீட்டுக்கு அருகிலுள்ள சமுதாயக் கல்லூரி ஒன்றில் மாலை வகுப்புக்குச் சென்று வருகிறாள். சமுதாயக் கல்லூரி என்பது அந்நாட்டுக் கல்வி முறையின் தனிச் சிறப்புகளுள் ஒன்று. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் ஆறே மாணவர்களுடன் இத்தகைய கல்லூரி தொடங்கியது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, இவை நாடெங்கும் பெருக வேண்டும் என்று 1947இல் பரிந்துரைத்தது. இன்று ஏறத்தாழ ஆயிரம் கல்லூரிகள் உள்ளன. சேர்வதற்குப் பெரிய மதிப்பெண் தேவையில்லை. பல்கலைக்கழகத்தைவிடக் கட்டணமும் குறைவு. பதினெட்டு வயது இளைஞனும், பேரப்பிள்ளைகளைக் கண்ட மூதாட்டியும் ஒரே வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்கிறார்கள். கல்விக்கு வயதில்லை என்று நாம் மேடைகளில் பேசுவதை அவர்கள் கட்டடமாக எழுப்பி வைத்திருக்கிறார்கள்.

அங்கே எத்துறைக்குச் செல்வோரும் பெரும்பாலும் படித்துவிடும் பாடம் 'உளவியல் அறிமுகம்'. மூளை, புலன்கள், கற்றல், நினைவு, குழந்தை வளர்ச்சி, ஆளுமை, மனநோய், சமூகத்தில் மனிதனின் நடத்தை என்று, அத்தியாயத்திற்கு ஒரு பொருளாக ஒரு பருவத்திற்குள் முடிந்துவிடும்.

"இந்தப் படிப்பு நமக்கு ஆகுமா?" என்று என் தங்கை முதலில் கவலைப்பட்டாள். உள்ளத்தை ஆராய்வது நமக்குப் புதியதன்று. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) அவர்கள் உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார்கள். கோபம், அச்சம், துயரம், அலைக்கழிக்கும் எண்ணங்கள் ஆகியவற்றுக்கு அதில் மருந்து கூறினார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா' நாற்பது பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் இருபத்தொன்றாவது பகுதி உள்ளத்தின் விந்தைகளை விளக்குகிறது. முப்பத்தெட்டாவது பகுதி தன்னைத் தானே கண்காணித்துக் கணக்குக் கேட்பதை விளக்குகிறது. 1879இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் அமைத்தபின், இத்துறை சோதனையையும் எண்ணிக்கையையும் துணைக்கொண்டு வேறு வழியில் நடக்கலாயிற்று. வழி வேறு, ஆராயப்படும் நஃப்ஸு ஒன்றே. "படிக்கட்டும்" என்றேன்.

ஆனால் முதல் மாதத்திலேயே ஒரு சங்கடம் நேர்ந்தது. ஊரிலிருந்து மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கிவர அவளுடைய மாமியார் சென்றிருந்தார். அவர் வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று நாளுக்குப் பத்து முறை இழுத்துப் பார்ப்பாராம். மனநோய் அத்தியாயத்தைப் படித்த நம் பிள்ளை, "மாமிக்கு இருப்பது ஓ.சி.டி. நோய்" என்று கணவனிடம் கூறிவிட்டாள். கூடத்திலிருந்த மாமியார் காதில் அது விழுந்தது. அன்றிலிருந்து அவர் உணவு மேசைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். மருத்துவம் தொடங்கும் மாணவன் தான் படிக்கும் நோயெல்லாம் தன் உடலிலேயே இருப்பதாக அஞ்சுவான் என்பார்கள். உளவியல் தொடங்கும் மாணவனுக்கோ அவையெல்லாம் அடுத்தவரிடம் இருப்பதாகத் தோன்றும் போலும்!

சமூக நடத்தை பற்றிய அத்தியாயம் வந்தபோதுதான் அவள் கண் திறந்தது. பிறர் செயலுக்குக் காரணம் கற்பிக்கும்போது, அவரவர் குணத்தையே நாம் மிகுதியாகக் குற்றம் சாட்டுகிறோம். அவரைச் சூழ்ந்த நிலைமையை மறந்துவிடுகிறோம். இந்தப் பிழைக்கு லீ ராஸ் என்னும் அறிஞர் 1977இல் பெயரிட்டு விளக்கினார். அவ்வகுப்பு முடிந்த இரவு, மாமியாரின் அருகில் அமர்ந்து அவள் முதன்முறையாக விசாரித்தாள். பகலெல்லாம் ஆளரவமற்ற வீட்டில் தனியே இருக்கும் அவருக்கு அந்நாட்டு மொழி தெரியாது. யாரேனும் வந்து கதவைத் தட்டினால் என்ன சொல்வது என்றும் தெரியாது. ஊரிலோ அவர் வீட்டுக் கதவை லுஹர் வரை சாத்தியதே இல்லையாம்.

அடுத்து வந்தது பிரின்ஸ்டன் சோதனை. 1973இல் ஜான் டார்லி, டேனியல் பாட்சன் என்னும் இருவர் இதை வெளியிட்டனர். பிரின்ஸ்டனில் கிறித்தவ மார்க்கக் கல்வி பயின்ற மாணவர்கள் நாற்பது பேர், ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்று சிறிது நேரம் உரையாற்ற வேண்டும். அவர்களுள் ஒரு சாராருக்குக் கொடுக்கப்பெற்ற தலைப்பு இன்ஜீலில் வரும் ஓர் உவமை: கள்வரால் காயமுற்று வழியில் கிடந்தவனை மதகுரு ஒருவர் கடந்து போக, அயலான் ஒருவன் நின்று உதவினான் என்பது அது. மற்றவர்களுக்கு வேலைவாய்ப்புப் பற்றிய தலைப்பு. சிலரிடம் நேரம் இருக்கிறது என்றும், சிலரிடம் இப்போதே புறப்படுங்கள் என்றும், சிலரிடம் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்றும் கூறி அனுப்பினார்கள். வழியில், ஒரு வாசலோரம் ஒருவன் தலை கவிழ்ந்து இருமி முனகிக் கிடந்தான். அவனை அங்கே கிடத்தியவர்கள் ஆய்வாளர்களே.

அவசரமில்லாதோரில் நூற்றுக்கு 63 பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று கேட்டுப் புறப்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேரே உதவினார்கள். வழியில் கிடந்தவனுக்கு உதவிய கதையைப் பேசுவதற்காகவே விரைந்தவர்களும், வழியில் கிடந்தவனைத் தாண்டிப் போனார்கள். பேசப்போகும் தலைப்பு குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை.

இதைக் கேட்டுத்தான் அவள் அக்கேள்வியை எழுப்பினாள். நான் வாய் மூடியிருந்ததற்குக் காரணம் வேறு.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ நாள். அநாதைகளின் உரிமை, சிறியவர்மீது இரக்கம் என்று பயானுக்குக் குறிப்பெடுத்து, சொற்களை மெருகேற்றிக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது. விரைந்து வெளியே வந்தபோது, பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் வாசலில் நின்றான். "உஸ்தாத், ஒரு விஷயம்..." என்றான். "தொழுகை முடியட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். தொழுகை முடிந்தது, விருந்தினர் வந்தார்கள், உணவு, உரையாடல். அவன் நினைவு எனக்கு வந்தது அஸருக்குப் பிறகு. அவன் அதே வாசலில் நின்றுகொண்டிருந்தான். தாயார் கவலைக்கிடமாக இருப்பதாகக் காலையில் செய்தி வந்திருக்கிறது; ஊர் செல்ல அனுமதியும் வழிச்செலவும் வேண்டி நின்றிருக்கிறான். உடனே அனுப்பி வைத்தேன். அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது மையித்தை அடக்கிவிட்டிருந்தார்கள்.

இத்தனை ஆண்டுகளாக இதை நான் எவ்வாறு எனக்கே விளக்கி வந்தேன் தெரியுமா? "அன்று எனக்கு நேரமில்லை, அவனோ கூச்ச சுபாவம் உள்ளவன், வாய் திறந்து சொல்லியிருக்கலாமே!" எனக்குச் சூழ்நிலையைக் காரணமாக்கினேன், அவனுக்குக் குணத்தைக் காரணமாக்கினேன். ஒரே வாசலில் நின்ற இருவருக்கு இரண்டு தராசுகள்!

நம் வேதமும் இதே இடத்தில் நம்மை நிறுத்துகிறது. கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்த வேளையில், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களை நேர்வழிக்கு அழைக்கும் தூய பணியில் முனைந்திருந்தார்கள். அப்போது வந்தவரைக் கவனியாதது குறித்து அபஸ அத்தியாயம் இறங்கியது. நோக்கத்தில் எக்குறையும் இல்லாத மாநபிக்கே அல்லாஹ் நினைவூட்டினான். அந்த நினைவூட்டலை மறைக்காமல் அவர்களே உம்மத்துக்கு ஓதிக்காட்டினார்கள். நல்ல வேலையில் ஈடுபட்டிருந்தேன் என்பது என் போன்றோர்க்குப் போதிய மறுமொழி ஆகுமா?

இனி அவள் கேள்விக்கு வருவோம். சூழ்நிலைக்கு வலிமை இல்லை என்று நாம் கூற வேண்டியதில்லை. ஷரீஅத் அதை நன்கறியும். நிர்ப்பந்தத்திற்கு ஆளானவனுக்கும் பசியால் சாகக் கிடப்பவனுக்கும் ஃபிக்ஹில் தனிச் சட்டங்கள் உண்டு. ஹிஜ்ரி 18இல் கடும் பஞ்சம் வந்தபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்குரிய கைவெட்டும் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள் என்பதும் நாமறிந்ததே.

எனினும் சூழ்நிலையே முழுக்காரணம் அன்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையும் இதே பாடத்தில் வருகிறது. அடுத்த அறையில் இருப்பவனுக்கு மின்னதிர்ச்சி கொடுக்குமாறு, அதிகாரி போல் நின்ற ஒருவர் கட்டளையிட்டார். மின்சாரம் பொய்; ஆனால் கொடுத்தவர்களுக்கு அது தெரியாது. நாற்பது பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று குறிக்கப்பெற்றிருந்த கடைசி எல்லை வரை சென்றார்கள். எல்லாரும் இந்த 26 பேரைப் பற்றியே பேசுகிறார்கள். மறுத்து எழுந்த 14 பேரும் அதே அறையில், அதே கட்டளையைக் கேட்டவர்களே. பிரின்ஸ்டனிலும் பெரும் அவசரத்தில் சென்ற பத்துப் பேரில் ஒருவன் நின்றான். சூழ்நிலை நம்மைத் தள்ளுகிறது; தள்ளப்படுபவனுக்கும் கால்கள் உண்டு. அன்றியும், என் அவசரத்தை உண்டாக்கியவர் யார்? சொற்களுக்கு மெருகேற்றிக்கொண்டு அமர்ந்திருந்த நானேயல்லவா?

ஆகவே இக்கல்வி இரு வாசல்களைத் திறக்கிறது என்று அவளிடம் கூறினேன். பிறரை நோக்கும்போது, "என்ன சூழ்நிலையில் இதைச் செய்தாரோ" என்று கேட்க வேண்டும். அவர் உள்ளம் நமக்குத் தெரியாது. போர்க்களத்தில் கலிமாவை மொழிந்தவரை, அச்சத்தால் மொழிந்தார் என்று கருதிக் கொன்றுவிட்ட உஸாமா (ரலி) அவர்களிடம், அவருடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்னும் பொருள்பட நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். தன்னை நோக்கும்போதோ, "நான் என்ன செய்திருக்க முடியும், ஏன் செய்யவில்லை" என்று கேட்க வேண்டும். தன் உள்ளத்தை ஓரளவேனும் தான் அறிவான். நம் நஃப்ஸோ இவ்விரண்டையும் இடம் மாற்றி வைத்துக்கொள்கிறது. மாறியதைச் சரிசெய்வதே முஹாஸபா. மறுமையில் கேள்வி கணக்கு எதற்கு என்றால், சூழ்நிலை முழுவதையும் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. எனவே அவன் ஒருவனால்தான் குறைவும் மிகையுமின்றிக் கணக்குக் கேட்க இயலும்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளவும் கூடாது. கணவனிடம் அடிபடும் பெண்ணிடம் போய், "அவர் சூழ்நிலையை எண்ணிப் பார், பொறுத்துக்கொள்" என்று உபதேசிப்பது நல்லெண்ணம் ஆகாது. அது அநியாயத்திற்குத் துணை போவது. காழி வெளிப்படையான செயலைக் கொண்டே தீர்ப்பளிப்பார். பாதிக்கப்பட்டவர் உரிமை அப்படியே நிற்கும். நான் கூறுவது, நோயென்றும் குணக்கேடு என்றும் பிறர் நெஞ்சுக்குப் பெயர் சூட்டும் உரிமையைப் பற்றி மட்டுமே.

இச்சோதனைகளை வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டா. உளவியலாளர்கள் நூறு ஆய்வுகளை மீண்டும் நடத்திப் பார்த்து, அதன் முடிவை 2015இல் வெளியிட்டனர். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவையே முன்போன்ற முடிவைத் தந்தன. நாற்பது பேரை வைத்து மனிதகுலம் முழுவதையும் அளந்துவிட முடியாதுதான். ஆயினும் தம் குறையைத் தாமே எண்ணி உலகறிய வெளியிட்டார்களே, அதுவும் ஒரு முஹாஸபா அன்றோ!

அவள் அப்பாடத்தைத் தேறிவிட்டாள். மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டாள். மாலையில் அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, தெருவிலுள்ளோரை அறிமுகப்படுத்தினாள். கதவை இழுத்துப் பார்ப்பது முற்றும் நின்றுவிடவில்லை. அவர் மீண்டும் உணவு மேசைக்கு வருகிறார்.

நானும் ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். நின்றிருக்கையில் கோபம் வந்தால் உட்காரும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள்; நஃப்ஸை வெல்ல நிலையை மாற்றிக்கொள்வதும் ஒரு வழி என்பதற்கு இது சான்று. எனவே ஜும்ஆ நாட்களில் அரைமணி நேரம் முன்னதாகக் குறிப்பேட்டை மூடிவிட்டு, அந்த வாசலில் வந்து நிற்கிறேன். பெரும்பாலும் எவரும் ஒன்றும் கேட்பதில்லை. அன்று நின்ற பிள்ளைக்கு இதனால் எதுவும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை என்பதையும் அறிவேன்.

பிறர் நெஞ்சைத் தீர்ப்பிடும் அவசரத்திலிருந்து நம்மைக் காத்து, நம் கணக்கை நாமே பார்த்துக்கொள்ளும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக. ஆமீன்.