ஆளில்லாத இடம்

நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. தேங்ஸ்கிவிங்குக்கு மறுநாள். நியூயார்க்கில் பாதி ஊர் வெளியூர் போயிருக்கும், மீதி ஊர் முந்தைய நாள் விருந்தின் மந்தத்தில் படுத்திருக்கும். ஆபீஸ் இல்லை. காலை எட்டு மணிக்கு 103ஆவது தெருவில் சப்வேயிலிருந்து ஏறி சென்ட்ரல் பார்க்கின் வடக்குக் காட்டுக்குள் நுழைந்தேன்.

பெரும்பாலானவர்கள் பார்க்கும் சென்ட்ரல் பார்க் தெற்கே இருக்கிறது. குதிரை வண்டி, பனிச்சறுக்குத் தளம், செல்ஃபி எல்லாம் அங்கேதான். வடக்கே சுமார் 40 ஏக்கருக்கு ஒரு காடு. அதன் பள்ளத்தில் ஒரு ஓடை. மேப்பிள்கள் மொத்தமாகக் கொட்டித் தீர்த்திருந்தன. ஓக் மரங்கள் மட்டும் காய்ந்து பழுப்பேறிய இலைகளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றன. காற்று வந்தால் சருகுச் சத்தம், நின்றால் தண்ணீர்ச் சத்தம். நடுவில் ஓர் அணில். இவ்வளவுதான். வாரம் முழுக்க மீட்டிங்குகளில் பேசித் தீர்த்த ஒருவனுக்கு இது போதும்.

ஆனால் நான் இன்ஜினியர். தண்ணீரைப் பார்த்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் புத்தி போகாது. ஒருமுறை தேடிப் படித்தேன். அங்கே ஒரு காலத்தில் இயற்கையான சிற்றோடை இருந்தது. இன்று அதை ஓடவைப்பது பெரும்பாலும் நகரத்தின் குழாய்நீர். அருவிகள் கட்டப்பட்டவை. 1858இல் ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரும் சேர்ந்து கொடுத்த வரைபடம்தான் போட்டியில் வென்றது. 843 ஏக்கர் பூங்காவில் எந்தப் பாறை எங்கே தெரியவேண்டும், எந்த வளைவில் ஊர் மறையவேண்டும் என்பதெல்லாம் மனிதர்கள் யோசித்துச் செய்தது.

முதல் நாள் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தால் அதில் ஒன்றுமில்லை. வீராணம் சோழர் காலத்தில் மனிதர்கள் உண்டாக்கிய ஏரி. அங்கே வந்திறங்கும் நாரை அதைக் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. செய்யப்பட்டது என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. நம்மூரில் நீர்நிலை என்றாலே பாதி மனிதக் கைவேலைதான்.

என்னைத் தொந்தரவு செய்தது வேறு கேள்வி. செய்வதற்கு முன் அங்கே என்ன இருந்தது?

காட்டைவிட்டு வெளியே வந்து பூங்காவின் மேற்கு ஓரமாகத் தெற்கே நடந்தால் இருபது நிமிடத்தில் 89ஆவது தெருவுக்கு இணையான இடம் வரும். அங்கிருந்து 82 வரை ஒரு புல்மேடு. ஒரு காலத்தில் அது செனகா வில்லேஜ். 1825இல் கறுப்பின மக்கள் நிலம் வாங்கிக் குடியேறிய ஊர். பிற்பாடு அயர்லாந்திலிருந்து வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1855 கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 225 பேர். மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம். அன்றைய நியூயார்க் சட்டப்படி ஒரு கறுப்பின ஆண் வாக்களிக்க 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆகவே அங்கே நிலம் என்பது வீடு கட்டும் மனை மட்டுமல்ல, வாக்கும்தான்.

1853இல் பூங்காவுக்கான சட்டம் வந்தது. 1857க்குள் எல்லோரும் போயாகிவிட்டது. நில உரிமையாளர்களுக்கு நஷ்டஈடு உண்டு, அது போதாது என்று சிலர் மனுப்போட்டதும் உண்டு. பூங்கா எல்லைக்குள்ளிருந்து மொத்தமாக வெளியேறியவர்கள் சுமார் 1,600 பேர். பத்திரிகைகள் அவர்களைக் குடிசைக்காரர்கள், ஆக்கிரமிப்பாளர்கள் என்று எழுதின. 2011இல் தொல்லியலாளர்கள் தோண்டியபோது ஒரு கெட்டில் கிடைத்தது, பீங்கான் துண்டுகள் கிடைத்தன, ஒரு சின்னஞ்சிறு செருப்பும் கிடைத்தது. ஆக்கிரமிப்பாளர்கள் பீங்கானில் டீ குடித்திருக்கிறார்கள்.

நமக்கு இந்தக் கதை புதிதில்லை. நம்மிடம் புறம்போக்கு என்று ஒரு சொல் இருக்கிறது. வரிக் கணக்குக்கு வெளியே, பொதுவுக்காக விடப்பட்ட நிலம் என்று பொருள். இன்று அது வசைச்சொல். நிலத்தைத் திட்டிய சொல் அதில் குடியிருப்பவர்மேலும் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் காலி செய்வது சுலபம்.

சென்னையில் எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா அடையாற்றங்கரையில் குடியிருந்தார். நடந்தே வந்துவிடுவார். நான் காலேஜ் போன நான்கு வருடமும் எனக்கு டிபன் பாக்ஸ் கழுவித் தந்தவர் அவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கரையிலிருந்த வீடுகளை எடுத்தார்கள். அவருக்குப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி ஒதுக்கீடு. ரெண்டு பஸ் மாறி வரவேண்டும். மூன்று வாரம் வந்தார். ஒருநாள் தயங்கித் தயங்கி, "பஸ்ஸுக்கு மட்டும் ஏதாச்சும் சேத்துக் குடுத்தா வந்துருவேம்மா" என்றார். அம்மா பார்க்கலாம் என்றார். அடுத்த தெருவிலேயே வேறொருவர் கிடைத்துவிட்டார்.

ஆற்றங்கரை சுத்தமானதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். அப்பா தினமும் அந்தப் பக்கமாக நடக்கப் போனார். "இப்பத்தான்டா காத்து வருது" என்றார். அன்று நான் சம்பாதித்துக்கொண்டிருந்தவன். பஸ் காசு என் ஒருநாள் காப்பிச் செலவு. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகும் இடத்தில் ஆட்களை விடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பூங்கா இல்லாத மன்ஹாட்டனை நினைத்துப்பார் என்பார்கள். அதுவும் நியாயம். நூற்றைம்பது வருடமாகக் கோடிக்கணக்கானோர் மூச்சுவிட்ட இடம், 1,600 பேரோடு கூட்டிக் கழித்தால் லாபம்தான் வரும். எங்கள் துறையிலும் இப்படித்தான் கணக்குப் போடுவோம். ஆனால் மொத்தக் கூட்டுத்தொகை ஒன்றை மட்டும் காட்டாது: எடுத்தது யார் கணக்கிலிருந்து, போட்டது யார் கணக்கில்? லாபம் பெரிதாக இருந்தால் இழந்தவருக்கு நிறையக் கொடுக்க முடிந்திருக்க வேண்டும், இல்லையா? லாபம் பெரிதென்று சொல்லும் அதே வாய், கொடுக்கும்போது மட்டும் காசில்லை என்கிறது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

அதற்காகக் குற்றவுணர்ச்சியோடு நடக்கவேண்டும் என்று சொல்ல வரவில்லை. குற்றவுணர்ச்சியும் ஒரு சுகம். ஓடைக்கரையில் உட்கார்ந்து வருந்திவிட்டு, என் மனசு எவ்வளவு ஈரம் என்று மெச்சிக்கொண்டு வீடு திரும்பலாம். யாருக்கும் பத்து பைசா பிரயோஜனமில்லை. அமைதியை ரசிப்பதும் தப்பில்லை. அந்த அமைதி சும்மா கிடைத்தது என்று நம்புவதுதான் தப்பு. அப்படி நம்பினால், அடுத்த ஆற்றங்கரையைக் காலி செய்யும்போதும் நமக்கு ஒன்றும் தோன்றாது.

அன்று அந்தப் புல்மேட்டில் நின்றுகொண்டு அம்மாவுக்கு போன் செய்தேன். அக்காவின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இப்ப எதுக்குடா அது? அவ நல்லாத்தான் இருப்பா."

'இருக்கா' இல்லை, 'இருப்பா'. இரண்டே இரண்டு எழுத்து. அதை வைத்துக்கொண்டுதான் நாங்கள் இத்தனை வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

பூக்காரம்மாவிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றார் அம்மா. இரண்டு வாரம் ஆகிவிட்டது. அம்மா மறந்திருப்பார். நானும் நினைவுபடுத்தவில்லை. நம்பர் கிடைத்துவிட்டால் பேசவேண்டுமே, என்ன பேசுவது என்ற பயம்தான். இந்தக் கட்டுரையை அனுப்பிவிட்டு அம்மாவைக் கூப்பிடவேண்டும்.