தூரமும் நேரமும்

பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 2,360 கிலோமீட்டர். நம் முன்னோர் கடந்த கடலும் இதுவேதான். ஒரு முழங்கூடக் குறையவில்லை. 1926-ல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினம் போய்ச் சேர ஐந்தாறு நாட்களாகும். பின்னால் வந்த ‘சிதம்பரம்’ கப்பலும் 1985-ம் ஆண்டுத் தீ விபத்தோடு நின்றது. 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் தொடங்கிற்று. பிரயாணம் சுமார் நாலு மணி நேரம். அங்கே கடிகாரம் இரண்டரை மணி பின்தங்கியிருப்பதால், இங்கே காலை பத்துக்குப் புறப்பட்டவர் அங்கே பதினொன்றரைக்கு இறங்கிவிடுவார். லுஹருக்கே நேரம் மிச்சம்!

இவ்வளவு சொகுசான பிரயாணத்தில் தொழுகையைச் சுருக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். 1277-ல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ கிதாபிலேயே இதற்கு விடை வைத்துவிட்டார்கள். கடல் வழியும் தரை வழியைப் போன்றதே. அந்தத் தூரத்தைச் சிறு நேரத்தில் கடந்தாலும் கஸ்ரு உண்டு. சலுகைக்கு அளவு தூரமே தவிர, கால்வலியன்று.

ஆனால் இந்தத் தூரக் கணக்கை நாம் வேறோரிடத்திலும் கொண்டுபோய் வைக்கிறோம். வயதான தாய், “எப்ப வாப்பா வருவே?” என்று கேட்டால், “ரொம்பத் தூரமாச்சே உம்மா” என்கிறோம். கஸ்ருக்குத் தூரம் போதும். உறவைப் பேணும் கடமைக்குப் போதுமா? ஹஜ்ஜுக்கு அல்லாஹுத்தஆலா வைத்த நிபந்தனை மைல் கணக்கன்று, சென்றடையும் சக்தி. கப்பல் காலத்தில் தூரம் மெய்யான காரணம். இன்றைய மெய்க் காரணம் கடையைப் பார்க்க ஆளில்லை என்பது, அல்லது கையில் பணமில்லை என்பது. அதை அப்படியே சொல்லிவிடலாம், குற்றமில்லை. தூரத்தைச் சொல்வதோ குறைத்து நிறுப்பதைப் போன்றது. ஊரிலுள்ளவர்களுக்கும் விமான நேரம் தெரியுமல்லவா?

இதைவிடக் கனமான விஷயம், பெர்மிட்டில் வந்து நம் கடைகளில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றியது. முதலாளிக்கு நாலு மணி நேரத்திலுள்ள ஊர் அந்தப் பிள்ளைக்கு இரண்டு வருஷம். ஒப்பந்தம் முடியட்டும், பெருநாள் வியாபாரம் முடியட்டும் என்று நம்மில் சிலர் சொல்லிவைத்திருக்கிறோம். வாப்பா மவுத்தான செய்தி அக்கணமே செல்போனில் வந்துவிடுகிறது. மையித்தின் முகத்தையும் அதிலேயே பார்த்துவிட்டு, சரக்கு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுகிறான். அவனைத் தடுத்தது கடலா, கல்லாப் பெட்டியா?

உடனே புறப்பட்டாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாதே என்பார்கள். மெய்தான். ஆனால் இத்தாவில் இருக்கும் உம்மாவின் பக்கத்தில் போய் உட்காரலாம். டிக்கெட்டுக்கு முன்பணம் கொடுத்து அனுப்பிவிட்டு, சம்பளத்தில் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்ளும் முதலாளிமாரும் நம் ஊரில் உண்டு. அதற்கும் இயலாத சிறு கடைகளுக்காகச் சங்கத்தில் ஒரு டிக்கெட் நிதி வைத்தால் என்ன? அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதைப் பேசட்டும்.